தம்பி, பெல்ட் போட்டுக்கொள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். நியூ ஜெர்சி எடிசனில் நேற்று ராத்திரி நல்ல பனி, உங்கள் நியூ ஹாம்ஷயர் மான்செஸ்டரில் இன்னும் கூட இருக்கும் என்று அம்மா சொன்னாள். காலையில் எழுந்ததும் அவள் பார்ப்பது உன் ஊர் வெதரைத்தான். வண்டியில் ஏறியதும் பெல்ட் போட்டுக்கொள். நியூ ஹாம்ஷயரில் பெரியவர்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது, ஐம்பது மாநிலத்தில் அங்கே மட்டும்தான் இல்லை என்று நீ பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை.

தேங்க்ஸ்கிவிங் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. உனக்கு வேலை அதிகமாக இருக்கும், நான் ஒன்றும் நினைக்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் நடந்ததைப் பற்றி எழுதவும் நான் உட்காரவில்லை. ஆனால் வரி என்பதே திருட்டு என்று நீ சொன்னபோது, அந்த வரிப் பணத்தில் பத்தொன்பது வருஷம் சம்பளம் வாங்கியவன் எதிரே உட்கார்ந்திருக்கிறானே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஜனவரிக் குளிரில் பாலத்துக்கு அடியில் லிஃப்டில் நின்றுகொண்டு கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்ப்பேன், நல்ல இடம் கணீரென்று சொல்லும், உள்ளே பிளந்துபோன இடம் பொத்தென்று சொல்லும். எத்தனையோ பேர் எதுவும் தெரியாமல் மேலே வண்டி ஓட்டிப் போனார்கள். உன் காலேஜ் ஃபீஸும் அந்தச் சம்பளத்தில்தான் போயிற்று.

சரி, அதை விடு.

ரிட்டயர் ஆனதிலிருந்து படிக்க நிறைய நேரம் இருக்கிறது, அரசாங்கம் முடிந்தவரை சின்னதாக இருக்க வேண்டும் என்கிற உங்கள் லிபர்டேரியன்கள் எழுதுவதையும்தான் படிக்கிறேன். இருபதாயிரம் பேர் ஒரே மாநிலத்துக்குக் குடிபோய் அரசாங்கத்தைச் சின்னதாக்கலாம் என்று 2001-இல் ஒருவர் எழுதியதை நம்பி என் பிள்ளை நியூ ஹாம்ஷயருக்கு மூட்டை கட்டினானே என்று அப்போது எனக்கு ஆத்திரம். இப்போது அவ்வளவு இல்லை. அங்கே வருமான வரி இல்லை, விற்பனை வரி இல்லை, வட்டி டிவிடெண்டுக்கு இருந்ததையும் 2025-இல் எடுத்துவிட்டார்கள். வீட்டு வரியில் பிடித்துக்கொள்கிறார்களே என்று கேட்டால், நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கேட்கலாமா என்பாய். நியாயம்தான்.

2019-இல் உன் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகும்போது வழியில் கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டனில் வண்டியை நிறுத்தச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? அம்மாவுக்குக் கால் வலி, அவள் காரிலேயே இருந்தாள். கெலோ என்கிற அம்மாளின் வீடு இருந்த ஃபோர்ட் ட்ரம்புல் இதுதான் அப்பா என்று நீ காட்டிய இடத்தில் முழங்கால் அளவு புல்லைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்தில் மருந்துக் கம்பெனி வந்துவிட்டது, ஊர் வளரும், வேலை வரும் என்று சொல்லி நகராட்சி வீடுகளை எடுத்தது, எடுக்கலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு நாலு என்று சொன்னது, 2009-இல் அந்தக் கம்பெனியே கிளம்புவதாக அறிவித்துவிட்டது. சாலை போட இடம் எடுப்பதில் எனக்கு இன்றைக்கும் ஆட்சேபணை இல்லை, எடுக்காமல் பாலம் எப்படிக் கட்டுவது? ஆனால் ஒருத்தி குடியிருந்த வீட்டைப் பிடுங்கி இன்னொருத்தன் லாபத்துக்குக் கொடுப்பது வேறு. அன்றைக்கே இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். டிராஃபிக் வந்துவிடும், கிளம்பு என்றுதான் சொன்னேன்.

இறக்குமதி வரி வழக்கையும் படித்தேன். 1977-ஆம் வருஷத்து நெருக்கடிச் சட்டத்தைக் காட்டி 2025-இல் ஜனாதிபதி டிரம்ப் இஷ்டத்துக்கு வரி போட்டார், அந்தச் சட்டத்தில் இறக்குமதி வரி என்ற வார்த்தையே இல்லை. நியூயார்க்கில் ஒயின் வரவழைத்து விற்கும் ஒரு சின்னக் குடும்பக் கம்பெனிக்காக உங்கள் ஆட்கள் வழக்குப் போட்டு, மே மாதம் வர்த்தக நீதிமன்றத்தில் ஜெயித்து, ஆகஸ்டில் மேல்முறையீட்டிலும் ஜெயித்து, நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றார்களே, அது எனக்குப் பிடித்தது. ஆட்சியில் இருப்பது யார் என்று பார்க்காமல் கேட்டார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் என்று ஆனபோது ஓக் ட்ரீ ரோடு கடையில் அரிசி மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மா திரும்பி வந்தாள், அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. அம்மா இப்போது கடைக்குப் போனாலும் கைப்பையில் பாஸ்போர்ட் கார்டு வைத்துக்கொள்கிறாள். குடியுரிமை வாங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. முகமூடி போட்ட குடியேற்ற அதிகாரிகள் ஆட்களைப் பிடித்துப் போகும் வீடியோவை யாரோ அனுப்பிவிட்டார்கள். நீ அதைப் பற்றியெல்லாம் உன் பெயரிலேயே எழுதுகிறாயாம், உன் அக்கா சொன்னாள். எழுது, ஆனால் ராத்திரி கோபத்தில் எழுதியதைக் காலையில் ஒருமுறை படித்துவிட்டுப் போடு. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே.

இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். போன வாரம் கராஜைச் சுத்தம் செய்தபோது கீழ் வீட்டுக் கராச்சி மாமா உனக்குக் கொடுத்த பேட் கிடைத்தது, கைப்பிடியில் அவர் சுற்றிய பச்சை டேப் அப்படியே இருக்கிறது. மாமா ஏன் வருவதில்லை என்று சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டிருப்பாய். வேலை மாறிவிட்டார் என்று சொன்னேன். அது பொய்.

2002 கடைசியில் ஒரு பட்டியல் போட்டார்கள். சில நாட்டு ஆண்கள், விசாவில் இருப்பவர்கள், பதினாறு வயதுக்கு மேல் எல்லாரும் நேரில் போய்க் கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும். பாகிஸ்தான் அதில் இருந்தது, இந்தியா இல்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது. 2003 மார்ச்சில் மாமா மாடியேறி வந்து, நாளைக்கு என்னோடு வா, உள்ளே வர வேண்டாம், காரில் இருந்தால் போதும், சாயங்காலம் நான் வெளியே வரவில்லை என்றால் வீட்டில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார். எனக்கு அப்போது க்ரீன் கார்டு வர வேண்டியிருந்தது. சரி என்று சொல்லிவிட்டு, காலையில் காய்ச்சல் என்று உன் அம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அவர் தனியாக வண்டி எடுப்பதைப் பார்த்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் நாடு கடத்தும் விசாரணைக்கு நோட்டீஸோடு திரும்பி வந்தார். கோடை முடிவதற்குள் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார்கள். போகும்போது கதவைத் தட்டினார், நான் திறக்கவில்லை.

எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் பதிந்தார்கள், பதின்மூன்றாயிரம் பேருக்கு மேல் அந்த நோட்டீஸ். 2016 டிசம்பரில்தான் அந்த விதியையே நீக்கினார்கள். தாத்தா 76-இல், எமர்ஜென்சியின்போது, கொல்லையில் எதை எரித்தார் என்று உனக்குத் தெரியும், அந்தப் புகையில் வளர்ந்தவன் நான். அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிறாய் என்று அன்று மேஜையில் உன்னிடம் கத்தினேனே, எனக்கு அதனிடம் இருக்கும் பயம் உனக்கு இல்லையே என்றுதான் கத்தினேன் போலிருக்கிறது.

மாமா டொரண்டோ பக்கம் இருப்பதாகக் கேள்வி. உனக்குத் தேடத் தெரியும். எண் கிடைத்தால் அனுப்பு, பேசுவதை நான் பேசிக்கொள்கிறேன். பொங்கல் அடுத்த வாரம். வர முடிந்தால் வா, பகலில் புறப்படு, பெல்ட் போட்டுக்கொள்.

அப்பா