பயிற்சிக்கு முன் நான்கு கேள்விகள்

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளுக்கான பயிற்சி தொடங்குகிறது. ஒப்புதல் படிவத்தோடு இம்முறை நான்கு கேள்விகள் கொண்ட ஒரு தாளும் வரும். மறைக்காமல் பதில் எழுதுங்கள்.

விளையாடும்போது உங்கள் பிள்ளை எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? நெஞ்சு வலி, படபடப்பு என்று சொன்னதுண்டா? மற்றவர்களைவிட சீக்கிரம் மூச்சு வாங்குகிறதா? இரு வீட்டாரிலும் 50 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு நம் கடற்கரைக்காரர்கள் சற்று யோசித்துப் பதில் எழுத வேண்டும். வலை இழுக்கும்போதே சாய்ந்துபோன சித்தப்பா, தூக்கத்திலேயே போய்விட்ட மாமா, நன்றாக நீந்தத் தெரிந்தும் அலையில்லாக் கடலில் மூழ்கிய அண்ணன். விதி என்றோ காற்றுக் கருப்பு என்றோ சொல்லி அந்தச் சாவுகளைக் கடந்துவிட்டோம். அவற்றில் சில, பரம்பரையாக வரும் இதயக் கோளாறாக இருந்திருக்கலாம். கட்டுமஸ்தான உடம்புக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். கடும் ஓட்டத்தின்போது தலைகாட்டும். 'ஆம்' என்று எழுதினால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்களோ, பெண் பிள்ளையென்றால் ஊர் பேசுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. அந்தத் தாளை நானும் உடற்கல்வி ஆசிரியரும் மட்டுமே பார்ப்போம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பயிற்சி நிற்கும், அவ்வளவுதான்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலேயே சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் ஆடினார். நம் ஊரில் ஒரு பிள்ளை அப்படி விழுந்தால் முதலில் சாவிக்கொத்தைத்தான் தேடுவோம். இதயம் நிற்கும்போதும் கைகால் வெட்டி இழுக்கலாம், வாய் திணறித் திறக்கலாம். அதை வலிப்பு என்று எண்ணிக் கையில் இரும்பைத் திணித்து, முகத்தில் சோடா தெளிக்கும் நேரத்தில் உயிர் நழுவிவிடும். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு ஒழுங்காக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவே, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். மின்னதிர்ச்சிக் கருவி நம் பள்ளியில் இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை நம் கைகள்தான் அந்த இதயம்.

வரும் ஞாயிறு மாலை 4 மணிக்குப் பள்ளி மைதானத்தில் இதைச் செய்துகாட்டிக் கற்றுத்தருகிறோம். கடலுக்குப் போகும் அப்பாக்கள் அவசியம் வாருங்கள். நீரில் மூழ்கியவரைப் படகில் ஏற்றியதும் செய்ய வேண்டியதும் இதுவே; அங்கே வாயோடு வாய் வைத்து ஊதவும் வேண்டும்.

பயிற்சி காலை 6.30 முதல் 8 மணி வரை மட்டுமே. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை உலராது, உலராவிட்டால் உடம்பும் குளிராது. ஓடிய பிள்ளையின் பேச்சு குழறினால், ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் அங்கேயே குளிர்ந்த நீரில் உட்காரவைப்போம். காய்ச்சல் கண்ட பிள்ளையை, அது எவ்வளவு அடம்பிடித்தாலும், பயிற்சிக்கு அனுப்பாதீர்கள்.

தாளை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள். மாலை 5 மணி வரை பள்ளியில்தான் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்