மாத்திரைச் சீட்டில் இரண்டு வரி தமிழில் எழுதுங்கள்

தைராய்டுக்கு மருந்து எழுதும் மருத்துவர்களுக்கும், அதை எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

என் தங்கைக்குத் தைராய்டு அளவுக்கு மேல் சுரந்தது. கை நடுக்கம், படபடப்பு, நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சரியான மருந்துதான், அதில் எனக்குக் குறையில்லை. சில வாரங்களில் படபடப்பு அடங்கியது. அப்புறம் உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனது, கண் மஞ்சளித்தது. காமாலை என்று நாங்களே முடிவுகட்டி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம். எண்ணெயை நிறுத்தினோம், உப்பைக் குறைத்தோம். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. டாக்டர் ஒரு வேளைகூட விடக்கூடாது என்று சொல்லியிருந்தாரே! பத்து நாள் இப்படிப் போனது. அந்த மாத்திரையே கல்லீரலைக் கெடுக்கலாம் என்று யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை தொடங்கும் முன்னால் எல்.எஃப்.டி. எடுத்தீர்களா?" கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. எடுக்கவில்லை. தைராய்டு மிகுந்தாலே கல்லீரல் என்சைம்கள் கொஞ்சம் ஏறியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். பழைய அளவு கையில் இருந்தால்தானே, கெடுத்தது நோயா மருந்தா என்று பிரித்துப் பார்க்க முடியும்? ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. தயவுசெய்து அதை முதல் நாளே எழுதுங்கள்.

மாத்திரையை நிறுத்தியதும் படபடப்பு திரும்பிவிட்டது. "வேறு மாத்திரை இருக்கிறதே" என்று தெரிந்தவர் ஒருவர் புரோபில்தயோயூரசில் பெயரைச் சொன்னார். கல்லீரலைப் பொறுத்தவரை அது இன்னும் ஆபத்தானது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் அதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிக் கடும் எச்சரிக்கை போட வைத்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள் போன்ற சில நிலைகளில்தான் அதை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்லவேளையாக எங்கள் மருத்துவர் அந்தப் பக்கமே போகவில்லை. இதயத் துடிப்பை அடக்க புரோப்ரனோலால் கொடுத்துவிட்டு, இரண்டு வழி சொன்னார்: அறுவை சிகிச்சை, இல்லையென்றால் தைராய்டுச் சுரப்பியைக் கதிரால் அடக்கும் கதிரியக்க அயோடின்.

கதிர் என்றதும் தங்கை அழுதுவிட்டாள். 1941இல் பாஸ்டனில் தொடங்கி இத்தனை வருடமாகக் கொடுத்துவரும் சிகிச்சை அது என்று பொறுமையாக விளக்கினார்கள். கண் பிதுங்கும் தொல்லை இருக்கிறதா, கர்ப்பம் இல்லையே என்றெல்லாம் பார்த்த பிறகுதான் கொடுத்தார்கள். சில நாள் குழந்தையைத் தூக்காமல் தள்ளியிருந்தாள், அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம். ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்றார்கள். இப்போது தைராய்டு சுரப்பு குறைந்துவிட்டதால் தினமும் வெறும் வயிற்றில் தைராக்சின் போடுகிறாள். ஆயுள் முழுக்கப் போட வேண்டும். ஆனால் கல்லீரல் தேறிவிட்டது.

நான் கேட்பது சின்ன விஷயம். சீட்டின் மேல் தமிழில் இரண்டு வரி: "கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வாருங்கள். காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தாலும் அப்படியே, ரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்." முத்திரையாகச் செய்து குத்தினாலும் போதும்.

மருந்துக்கடை அண்ணன்மார்களே, கார்பிமசோல் வாங்க வருகிறவர் கூடவே காமாலைக்கு ஒரு டானிக் கேட்டால், இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு அக்கா