மண்ணைப் போட்டால் நெருப்பு அணையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய வெள்ளியன்று இங்கே டர்பனில், எங்கள் கோயிலில் தீமிதி முடிந்ததும் பூக்குழியை மண் போட்டு மூடினார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் புகை இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் மண்தரைதான். பந்தல் பிரிக்க வந்தவர்களோடு வந்த என் தங்கை மகன், ஏழு வயசுப் பிள்ளை, செருப்பில்லாமல் அதன் மேல் ஓடினான். இரண்டாவது எட்டிலேயே கால் புதைந்துவிட்டது. அந்தக் குழிக்குள் எட்டிப் பார்த்தேன், கங்கு செக்கச்செவேல் என்று இருந்தது. மூன்று வாரம் அவன் தரையில் கால் ஊன்றவில்லை.

நீறு பூத்த நெருப்பு என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், ஆனாலும் மண்ணைத் தள்ளினால் அணைந்துவிடும் என்றுதான் நம்புகிறோம். மண் சூட்டை வெளியே விடாமல் பொத்தி வைத்துக்கொள்ளும். இடுக்கில் புகுகிற கொஞ்சம் காற்று போதும், கங்கு சுவாலை இல்லாமல் கனன்றுகொண்டே இருக்கும்.

என் பாட்டனார் நேட்டாலில் டண்டி பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். கரியைப் பூராவும் வெட்டமாட்டார்களாம், கூரையைத் தாங்க நடுநடுவே கரியையே தூணாக விட்டுவைப்பார்கள். கைவிட்ட சுரங்கத்தில் அந்தத் தூண் இடிந்தால் மேலே நிலம் வெடிக்கும், வெடிப்பு வழியாகக் காற்று இறங்கும், காற்றுப்பட்ட கரி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டியதே இல்லை. இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே, முன்பு விட்பாங்க் என்று சொன்ன எமலாஹ்லேனி ஊரில் 1953ல் மூடிய சுரங்கம் ஒன்று அதற்கப்புறமும் பல வருஷம் அடியில் எரிந்துகொண்டே இருந்தது. இந்தியாவில் ஜாரியா நிலக்கரிச் சுரங்கப் பகுதி 1916லிருந்து எரிகிறது, மூன்று தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது!

நம் பூக்குழி அவ்வளவு பெரிசில்லை, ஒரு மணி நேரம் மெனக்கெட்டால் அணைத்துவிடலாம். கோயில் கமிட்டிக்காரர்களை மன்றாடிக் கேட்கிறேன், மூடுவதற்கு முன்னால் தண்ணீர் விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ஆவி முகத்தில் அடிக்கும், அதனால் தள்ளி நின்று ஓரத்திலிருந்து தெளித்துக்கொண்டே வாருங்கள். அப்புறம் மண்வெட்டியால் அடிவரை புரட்டி மறுபடி விடுங்கள். பக்கத்தில் மரம் இருந்தால் வேரையும் பாருங்கள், வேருக்குள்ளேயும் தீ ஓடும். மறுநாள் வரைக்கும் குழியைச் சுற்றிக் கயிறு கட்டி ஒருவர் காவல் இருக்கட்டும்.

அடுத்த வருஷம் எங்கள் கோயிலில் தண்ணீர்க் குழாயோடு நானே நிற்கிறேன் என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டேன். சரி என்றிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்