திரைப்பட மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, மூத்தோரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாகர்கோவிலில் இந்த ஆண்டு நாம் போட்டுப் பார்த்தவை சமயப் பெரியவர்களின் வாழ்க்கைப் படங்கள். கும்பிடுகிற ஆளைக் குறையுள்ள மனிதராகக் காட்டலாமா என்ற வாக்குவாதம் முதல் படத்திலேயே வந்துவிட்டது.

அது மராட்டிய பக்திக் கவிஞர் துக்காராமைப் பற்றி 1936இல் வந்த ‘சந்த் துக்காராம்’. அற்புதங்கள் அதில் நிறைய. ஆனால் பிள்ளை நோயில் கிடக்கும்போது மனைவி ஜிஜாயி கோயிலுக்குள் போய் சாமியைப் பார்த்தே செருப்பை ஓங்குகிறாள். ‘அந்த அம்மா இல்லேன்னா படமே இல்ல’ என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். எனக்கும் அதே எண்ணம்தான். மகானோடு குடும்பம் நடத்தும் பாடு அவள் முகத்தில்தான் தெரிகிறது.

அப்புறம் ‘ரொமேரோ’ (1989). எல் சால்வடார் நாட்டுப் பேராயர் ரொமேரோ 1980 மார்ச் 24 அன்று திருப்பலியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர். படத்தின் தொடக்கத்தில் அவர் வம்புக்குப் போகாத, தயங்குகிற மனிதர். நண்பரான குரு ருத்திலியோ கிராந்தே 1977இல் கொல்லப்பட்ட பிறகுதான் மாறுகிறார்.

‘தி டூ போப்ஸ்’ (2019) படத்தில் எனக்கு மனக்குறை உண்டு. அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சிக் காலத்தில் பிடிபட்ட இரு குருக்களைக் குறித்து, பின்னாளில் போப் பிரான்சிஸ் ஆன பெர்கோலியோவை வாட்டும் குற்றவுணர்வை விரிவாகக் காட்டுகிறார்கள். அவருக்கு முந்தைய போப் பெனடிக்ட் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்யும்போதோ ஒலியை அடக்கிவிடுகிறார்கள். ஒருவரைத் திறந்து இன்னொருவரை மூடியது சரியில்லை.

அன்று பேச்சு, திருவிதாங்கூர் அரசில் கிறிஸ்தவராக மாறி, தண்டனைக்கு ஆளான நம்ம ஊர் தேவசகாயத்திடம் வந்து நின்றது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனபோது, புலியூர்குறிச்சியில் அவர் முட்டால் (முழங்கையால்) இடித்த பாறையில் தண்ணீர் வந்தது என்பார்கள். முட்டிடிச்சான் பாறையைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. ‘படம் எடுத்தா எல்லாரும் தண்ணியத்தான் காட்டுவாங்க. அதுக்கு முன்னால நாக்கு வறண்டு கிடந்தாரே, அந்த நேரத்தைக் காட்டணும்’ என்றார் ஓர் அக்கா. மண்டபமே அமைதியாகிவிட்டது. 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. 2022இல் புனிதர் பட்டம் பெற்றவருக்கு அன்று பயமே இருந்திருக்காதா, வீட்டு நினைப்பு வந்திருக்காதா? இதைக் கேட்பதால் பக்தி குறையாது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்து கேரளத்து ஆன்மிகச் சீர்திருத்தவாதி நாராயண குருவைப் பற்றிய ‘யுகபுருஷன்’ (2010). அவர் தவமிருந்த மருத்துவாமலையில் அன்று காலை ஏறிவிட்டு வந்து படம் பார்க்கலாம் என்று செயற்குழு நினைக்கிறது. வருகிறவர்கள் பெயர் கொடுத்துவிடுங்கள். வெயிலுக்கு முன்னே ஏற வேண்டும்.

நன்றி.

செயலாளர்