உன் ஷெவெல் வண்டிக்கு

கண்ணு,

வீடியோ பார்த்தேன். 1970 ஷெவெல், 396 எஞ்சின், சைலன்சரில் கருப்புப் புகை. ரிச்சாகத்தான், அதாவது காற்றுக்குத் தேவையானதைவிட அதிகப் பெட்ரோலோடுதான் ஓடுகிறது, சந்தேகமே இல்லை. அதற்காகப் புது கார்புரேட்டர் ஆர்டர் போட்டுவிடாதே. அதிகப்படி பெட்ரோல் எந்த வழியாக வருகிறதென்று தெரியாமல் பார்ட்ஸ் மாற்றுகிறவன் மெக்கானிக் இல்லை, ஸ்பேர் கடைக்காரனுக்கு நல்ல கஸ்டமர்.

முதலில் எட்டு பிளக்கையும் கழற்றி சிலிண்டர் வரிசைப்படி வை. எல்லாமே வறண்ட கரி என்றால் கார்புரேட்டர் பக்கம் போ. ஒன்றிரண்டில் மட்டும் கரி என்றால் பிளக் வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பார். மினுமினுவென்று பிசுக்காக இருந்தால் அது ஆயில். பெட்ரோல் மேல் பழி போடாதே.

அடுத்தது சோக், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்காகக் கார்புரேட்டர் வாயில் காற்றைக் குறைக்கிற தகடு. எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஏர் கிளீனரைக் கழற்றிப் பார், தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். உன் வண்டியில் சோக் ஸ்பிரிங் கார்புரேட்டரில் இருக்காது. கார்புரேட்டருக்குக் கீழே இருக்கிற இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும், அங்கிருந்து கம்பி மேலே வரும். கம்பி வளைந்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ சோக் அரைகுறையாக மூடியே நிற்கும். இதைச் சரி செய்ததும் பல வண்டிகள் வாயை மூடிக்கொள்ளும்.

சோக் சரி என்றால், ஐடிலில் ஓடவிட்டு டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே மெயின் நாசிலில் பெட்ரோல் சொட்டுகிறதா? ஃப்ளோட்டைச் சந்தேகப்படு, கார்புரேட்டருக்குள் பெட்ரோலில் மிதக்கிற மிதவை அது. உன் வண்டியின் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் கம்பெனி ஃப்ளோட் பித்தளை இல்லை, நுரை மாதிரிப் பொருளில் செய்தது. வருஷக்கணக்கில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப் போகும். கனத்தால் உயர வேண்டிய நேரத்தில் உயராது, ஊசி வால்வு தாமதமாக மூடும், பெட்ரோல் மட்டம் ஏறிவிடும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. புது ஃப்ளோட்டோடு சேர்த்துத் தராசில் வைத்துப் பார்.

ஐடிலில் ஒழுங்காக இருந்து, ரோட்டில் மட்டும் குடிக்கிறதென்றால் பவர் பிஸ்டன். எஞ்சின் உறிஞ்சுகிற வேக்குவம் அதைக் கீழே பிடித்து, பெட்ரோல் அளவைக் குறைக்கிற மீட்டரிங் ராடை ஜெட் என்கிற துளைக்குள் இறக்கி வைக்கும். அழுத்தி மிதித்து வேக்குவம் குறைந்தால்தான் ஸ்பிரிங் மேலே தள்ளும். அழுக்கில் மேலேயே மாட்டிக்கொண்டால், சமதரையிலும் மேடு ஏறுகிற கணக்கில் பெட்ரோல் போகும்.

கராஜ் கதவை முழுக்கத் திறந்த பிறகே ஸ்டார்ட் பண்ணு. மிச்சிகன் குளிருக்குப் பயந்து மூடி வைக்காதே, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆயில் அளக்கிற டிப் ஸ்டிக்கையும் முகர்ந்து பார். பெட்ரோல் வாசம் அடித்தால், கோளாறைச் சரிபார்த்து ஆயில் மாற்றும் வரை ஓட்டாதே.

பிளக் படங்களை வரிசை மாறாமல் அனுப்பு. உனக்குக் காலையில் கூப்பிட்டால் நான் பட்டறை அடைத்து வீட்டில் இருப்பேன்.

அப்பா