சுவரை இடிக்க விடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த முறை மறக்காதே.

தாத்தா வீட்டுக் குளியலறையில் பழைய பைப்புகள் கழல மறுப்பதால் சுவரை இடித்துவிடலாம் என்கிறார்களாமே, தயவுசெய்து சம்மதிக்காதே. அது சுண்ணாம்புக் காரைச் சுவர். சம்மட்டி ஓரிடத்தில் விழுந்தால் அதிர்வு சுற்றிலும் பரவி, நன்றாக ஒட்டியிருக்கும் பூச்சும் செங்கல்லை விட்டு விலகும். கையளவு துளைக்காக முழுச் சுவரையும் பூச வேண்டிவரும்.

எங்கள் மயிலாடுதுறை வீட்டிலும் இதே தொல்லைதான். ஜி.ஐ. பைப் என்பது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். அந்தப் பூச்சு கரைந்துபோனால் இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்வதால் மரை இறுகிவிடும். பித்தளைக் குழாய் மாட்டியிருக்கும் இடம்தான் மிக மோசம். இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது இரும்பு.

நல்ல வேளையாக எனக்குப் பொறுமைசாலியான பிளம்பர் ஒருவர் வாய்த்தார். முதல் நாள் மாலையே மூட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் போனார். மறுநாள் இரண்டு பைப் ரெஞ்சுகள் எடுத்தார். ஒன்று சுவர்ப் பக்கத்தை அசையாமல் பிடிக்க, மற்றொன்று திருக. ஒன்றை மட்டும் வைத்துத் திருகினால் முறுக்கு முழுவதும் சுவருக்குள் பைப்பை வளைத்து இணைக்கும் எல்போவுக்குப் போய்விடுமாம். கழற்றும் பக்கமாக உடனே திருப்பவும் இல்லை. முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழை அளவு அசைத்தார். ‘டக்’கென்று துரு விட்டது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

இரு பக்கமும் மரை போட்ட குட்டை பைப்பான நிப்பிள் ஒன்று மட்டும் எல்போவுக்குள்ளேயே முறிந்து தங்கிவிட்டது. அப்போதும் அவர் சுத்தியலைத் தேடவில்லை. ஆக்ஸா பிளேடை உள்ளே விட்டு, எல்போவின் மரையில் படாமல் நீளவாக்கில் இரண்டு வெட்டு போட்டார். இடைத்துண்டைச் சிறு உளியால் உள்நோக்கித் தட்டியதும் மிச்சம் தளர்ந்து வந்துவிட்டது. உன் பிளம்பரிடம் இதை அப்படியே சொல்.

நெருப்பு காட்டிச் சூடாக்குவதும் உண்டு. ஆனால் பழைய மூட்டுகளில் சணலோடு வெள்ளை ஈயமும் பூசியிருப்பார்கள். அந்தப் புகை நஞ்சு. உன் வீட்டில் பேரக்குழந்தை தவழ்கிறான், வேண்டவே வேண்டாம்.

துளைகளைச் சிமெண்டால் அடைக்காதே. சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அதை மறிக்கும், ஓரங்களில் உப்புப் பூத்துக் காரை உதிரும். சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் உங்கள் பக்கம் இன்னும் இருப்பார், விசாரி.

கழற்றிய பித்தளைக் குழாய்களை எடைக்குப் போட்டுவிடாதே. வாஷர் மாற்றினால் பெரும்பாலும் மறுபடி ஓடும். அவ்வளவு கனமான பித்தளை இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

ஆயுத பூஜை விடுமுறைக்கு வருகிறேன். இரண்டு ரெஞ்சுகளையும் கொண்டுவருவேன். அதுவரை குளியலறை வேலையைத் தள்ளிவைக்க முடியுமா என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்