சீட்டில் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள்

சிற்றூர் அருங்காட்சியகங்களின் காப்பாளர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். சென்ற மாதம் என் அப்பாவைக் கொங்குப் பகுதியிலுள்ள ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஓட்டு வீடு, இரண்டே அறைகள். ஊரார் கொடுத்த பொருள்களைக் கூட்டித் துடைத்து அக்கறையாக வைத்திருந்தார்கள். அதற்கே முதலில் கைகூப்ப வேண்டும்.

மூலையில் பெரிய வாளி போன்ற இரும்புச் சால் ஒன்று. அடியில் காய்ந்து சுருண்ட தோல். 'பழங்கால நீர் இறைக்கும் கருவி' என்று ஒரு சீட்டு. அப்பா குனிந்து அந்தத் தோலின் ஓரத்தைத் தடவினார். "இது கவலைச் சால். இந்தத் தோல்தான் தும்பி" என்றார். கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் முறை. பிறகு எழுபத்தெட்டு வயதை மறந்து, இல்லாத கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடந்து காட்டினார். மாடுகள் சரிவில் இறங்கினால் வடக்கயிறு இழுத்து, கிணற்றிலிருந்து சால் மேலே வரும். வால்கயிறு தும்பியின் வாயை மடக்கித் தூக்கிப் பிடித்திருப்பதால் வழியில் தண்ணீர் சிந்தாது. சால் மேலே வந்ததும் தும்பி தொட்டிப் பக்கம் நீளும், தண்ணீர் தானாகக் கொட்டும். "இறங்குவது பெரிதில்லை. மாட்டைப் பின்னாலேயே நடந்து மேடேறப் பழக்க வேண்டும், அதுதான் பாடு" என்றார். அந்தக் 'கருவி' என் கண்முன் ஓடியது அப்போதுதான்.

அங்கிருந்த ஊழியர் ஆர்வமாகக் கேட்டார். ஆனால் கேட்டதை எழுதிவைக்க அவரிடம் எதுவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர், கையொப்பம் என மூன்றே கட்டங்கள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

இதுதான் என் மனக்குறை. மின்மோட்டார் வந்து கவலை நின்றபின், அதை ஓட்டியவர்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? பொருளைப் பத்திரப்படுத்திவிட்டோம். அதைக் கையாண்டவர் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறாரே!

ஒவ்வொரு பொருளின் அருகிலும் ஒரு நோட்டு வையுங்கள். எழுத இயலாதவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சீட்டில் பொருளுக்கு அந்த ஊரில் வழங்கும் பெயரையே முதலில் போடுங்கள். இங்கே கவலை என்பது தெற்கே கமலை, வேறு பக்கங்களில் கபிலை. மூன்றையும் எழுதலாம். எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன வேலை செய்தது என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

கண்ணாடிக்குள் பூட்டிய நெல் அளவைகளான படியையும் மரக்காலையும் வாரம் ஒருநாளாவது வெளியே எடுங்கள். 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, அவை மெல்ல மெல்லப் புழக்கத்திலிருந்து போயின. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பிள்ளைகள் நெல்லை அள்ளிப்போட்டுத் தாங்களே அளந்து பார்க்கட்டும். களத்தில் அளப்பவர் 'ஒன்று' என்று தொடங்கமாட்டார், 'லாபம்' என்பார். அடுத்துத்தான் இரண்டு, மூன்று. அதை எந்தச் சீட்டிலும் நான் பார்த்ததில்லை. அன்று அப்பா வாயால்தான் கேட்டேன்.

இதற்குப் பெரிய செலவில்லை. பொங்கலுக்குள் தொடங்கலாம். தும்பியைத் திரும்பத் தைக்கவும் தனக்குத் தெரியும் என்கிறார் அப்பா. ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், காலையிலேயே கூட்டிவருகிறேன்.

அன்புடன்,
ஒரு விவசாயியின் மகள்